புதிய பதிப்பு

கயத்தாறு போகிற ரோட்டில், ஊரைத் தாண்டி மூன்றாவது மைலில் அந்த நர்சிங் கல்லூரி இருந்தது. மக்காச்சோளக் காட்டுக்கு நடுவில் ஆறு ஏக்கரை வளைத்துக் கட்டியது. கரிசலில் கட்டிடம் எழுப்புகிறவர்களுக்கு எப்போதும் ஒரு தொல்லை உண்டு. மழைக்கு மண் பொங்கும், வெயிலுக்கு வெடிக்கும், தரையும் அதற்குத் தகுந்தபடி ஏறி இறங்கும். நூலக அறையின் மூலையில் ஆள்காட்டி விரல் நுழைகிற அளவுக்கு வெடிப்பு. அலமாரிகள் எல்லாம் ஒருச்சாய்ந்து நின்றன. அட்டையை மடித்து அவற்றின் கால்களுக்கு அண்டை கொடுத்து வைத்திருந்தாள் ஜீனா.

ஜீனாவுக்கு நாற்பத்திரண்டு வயது. நூலகப் படிப்பு முடித்துவிட்டுப் பத்து வருடம் தீப்பெட்டி ஆபீசில் பண்டல் எண்ணிக்கொண்டிருந்தவள். கல்லூரி ஆரம்பித்தபோது நூலகர் நாற்காலி கிடைத்தது. அவள் வீட்டுக்காரன் டேவிட்சனுக்கும் அங்கேயே பஸ் ஓட்டுகிற வேலை. இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் போய் ஒரே பஸ்ஸில் வந்தார்கள்.

முதல் வருடம் அலமாரி வந்துவிட்டது, புத்தகம் வரவில்லை. காலி அலமாரிகளுக்கு முன்னால் காலையில் இருந்து சாயங்காலம் வரை உட்கார்ந்திருப்பது என்னவென்று உட்கார்ந்தவர்களுக்குத்தான் தெரியும். பிள்ளைகள் உள்ளே வருவார்கள். மின்விசிறிக்குக் கீழே பத்து நிமிஷம் நின்றுவிட்டுப் போவார்கள். விருந்துக்குக் கூப்பிட்டு, இலையையும் போட்டுவிட்டு, சோறு இல்லை என்று சொல்வது போல ஜீனாவுக்குக் கூச்சமாக இருக்கும்.

அப்புறம் ஒருநாள் ஒரு மினி லாரி வந்தது. எங்கேயோ இழுத்து மூடின நர்சிங் பள்ளியின் புத்தகங்கள், சாக்குச் சாக்காக. தாளாளர் ஆண்ட்ரூஸ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே இறக்க வந்துவிட்டார். எலி மூத்திர வாடை. ஒரு புத்தகத்தைத் திறந்தால் இருபத்தைந்து வருடத்துக்கு முந்தினது. இன்னொன்று அதற்கும் முந்தினது.

"சார், எல்லாம் பழசா இருக்கே. நர்சிங் கவுன்சில்ல பத்து வருசத்துக்குள்ள வந்ததத்தான கேக்காவ?"

"பழசுன்னா என்னம்மா? உடம்பு பழைய உடம்புதான? ஈரல் எடம் மாறிருச்சா, இல்ல ரத்தம் நெறம் மாறிருச்சா?" என்று சிரித்தார் ஆண்ட்ரூஸ். ஜீனாவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவள் பின்னால் பல தடவை நினைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு பதினைந்து நாள் அவள் அந்த அறையில் பிளேடும் பசையுமாக உட்கார்ந்திருந்தாள். வெளியான வருடம் அச்சிட்ட தாளை ஒவ்வொன்றிலும் தையல் ஓரமாகக் கீறி எடுத்தாள். அட்டையைத் துடைத்து, 'புதிய பதிப்பு' என்று அச்சடித்து வந்த வழுவழுப்பான துண்டை ஒட்டினாள். சேர்க்கைப் பதிவேட்டில் வரிசை எண் போட்டு, பக்கத்தில் அண்மை வருடம் ஒன்றை எழுதினாள். யாரும் அவளை மிரட்டவில்லை. சொல்லப்போனால் வேலை மும்முரத்தில் சாப்பாட்டு நேரம் போனதே தெரியாது. அறுநூறு புத்தகம் முதுகு காட்டி வரிசையாக நின்றபோது, கதவுப் பக்கம் போய் நின்று பார்த்துக் கண் நிறைந்தாள்.

உண்மையாகவே புதுசாக வாங்கினது நாற்பது புத்தகம், இங்கிலீஷில். அது கண்ணாடி அலமாரிக்குள் பூட்டி இருந்தது. ஆய்வுக்கு வருகிறவர்கள் கண்ணுக்கு முதலில் படுகிற இடம். அதைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்பது தாளாளர் உத்தரவு. பிள்ளைகளும் கேட்கவில்லை. புதூர்ப் பக்கமும் கழுகுமலைப் பக்கமும் இருந்து தமிழில் படித்துவிட்டு வந்த பிள்ளைகள். அவர்களுக்குப் பிடித்தது எண் 147, செவிலியர் செய்முறைக் கையேடு. தமிழில், படம் போட்டு, ஒன்று இரண்டு மூன்று என்று எண் கொடுத்து எழுதின புத்தகம். அதில் எட்டுப் படி இருந்தது. எட்டும் எப்போதும் வெளியே சுற்றிக்கொண்டிருக்கும்.

இது நடந்து இரண்டு வருடம் ஆயிற்று. இந்தக் கார்த்திகை பிறந்த நாலாம் நாள் மறுபடியும் ஆய்வுக்குத் தேதி சொல்லிக் கடிதம் வந்தது. பதிவேட்டை வைத்துச் சரிபார்த்தபோது 147இல் ஒரு படி குறைந்தது. இரண்டாம் வருட மாணவி இசக்கிச்செல்வி எடுத்தது.

"அவ வரமாட்டா மேடம்" என்றாள் கூடப் படிக்கிற வனிதா. "அவ அய்யா பரண்ல இருந்து விழுந்து கெடக்காவள்ளா. அம்மைக்குத் தனியாப் பாக்க முடியல. ஐப்பசி பாதியில போனவதான்."

இசக்கிச்செல்வியின் அப்பா பரமசிவன் போன மார்கழியில் மக்காச்சோளத்துக்குக் காட்டுப்பன்றிக் காவல் இருந்துவிட்டு, விடிந்து இறங்கும்போது பரண் கம்பு முறிந்து விழுந்தவர். முதுகெலும்பு போய்விட்டது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. இது ஜீனாவுக்கும் தெரியும். அந்தப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்ததே அவள்தான்.

"மேடம், படுக்கையில கெடக்கவங்களப் பாக்கதுக்கு நல்ல புக்கா ஒண்ணு தாங்க. அந்தக் கண்ணாடிக்குள்ள இருக்கதுல இருந்தா கூடக் குடுங்க, அகராதி வச்சுப் படிச்சுக்கிடுதேன்" என்று இசக்கிச்செல்வி கேட்டாள்.

"அது எதுக்குட்டி, இதுவே புதுப் பதிப்புதான். ஒனக்குப் புரியும்" என்று ஜீனா சொன்னாள். வாய் கூசாமல் வந்தது. இரண்டு வருடமாக ஒட்டித் தேய்த்த துண்டு அவளுக்கே உண்மையாகிவிட்டிருந்தது.

ஆண்ட்ரூஸ், "புத்தகம் ஒண்ணுகூட வெளிய இருக்கப்படாது ஜீனா. நீயே போயி வாங்கிட்டு வந்துரு" என்றார்.

சனிக்கிழமை காலையில் டேவிட்சன் அவளைப் பஸ் ஏற்றிவிட்டான். எட்டயபுரம் தாண்டி, புதூருக்கு இந்தப் பக்கம் அவர்கள் ஊருக்குப் பாதை பிரிகிற விலக்கில் இறங்கினாள். முந்தின நாள் மழை. நாலடி வைப்பதற்குள் செருப்பில் கரிசல் அப்பி ஒவ்வொரு காலும் உலக்கை மாதிரி கனத்தது. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தாள். இரண்டு பக்கமும் உளுந்தும் மக்காச்சோளமும் கரும்பச்சையாக நின்றன. ஈரத்தில் யாரும் களையெடுக்க இறங்கவில்லை. ஆடுகள் மட்டும் ஓடைக்கரைச் சீமைக்கருவேலையை எக்கிக் கடித்துக்கொண்டு நின்றன.

இசக்கிச்செல்வியின் அம்மா சங்கரம்மாள் வாசலில் தண்ணீர் ஊற்றி அவள் காலைக் கழுவச் சொன்னாள். ஒல்லியான கறுத்த பொம்பளை.

"வாங்க டீச்சர். இந்தச் சகதியில ஏன் வந்தீங்க? சொல்லிவிட்டா பொஸ்தகத்த இவளே கொண்டாந்து தந்திருப்பால்லா."

"சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன். அண்ணாச்சிக்கு எப்படி இருக்கு?"

"உள்ள வந்து பாருங்க. சாப்பிட்டுட்டுத்தான் போவணும். கம்மஞ்சோறு ஆக்கியிருக்கேன், கருவாட்டுக் குழம்பு."

உள்ளே கட்டிலில் பரமசிவன் ஒருச்சாய்த்துப் படுத்திருந்தார். சாம்பிராணிப் புகை போட்டிருந்தார்கள். புகைக்கும் அடியில் வேறு ஒரு வாடை இருந்தது. அது மூக்கில் ஏறாமல் தொண்டையில் போய் உட்கார்ந்தது. தலைமாட்டு ஸ்டூலில் ஸ்பிரிட் பாட்டில், பவுடர் டப்பா, காற்றடைத்த ரப்பர் வளையம். பக்கத்தில் புத்தகம். பிரித்த பக்கம் மூடிவிடாமல் இருக்க அதன் மேல் ஒரு கூழாங்கல்.

இசக்கிச்செல்வி எழுந்து நின்றாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. "மேடம், மன்னிச்சுக்கிடுங்க. தேதி தாண்டிருச்சு. தெனமும் பாத்துப் பாத்துத்தான் செய்யுதேன், அதான் குடுக்க முடியல."

"அதனால என்னட்டி" என்று சொல்லிக்கொண்டே ஜீனா கல்லை எடுத்துக் கீழே வைத்தாள். புத்தகத்தைத் தன் பையில் போட்டுக்கொண்டாள். வந்த காரியம் முதலில் முடிந்துவிட்டது. அந்த நிம்மதி ஒரு கால் மணி நேரம்கூட நிலைக்கவில்லை.

வீடு வீடாகப் படுக்கை நோயாளிகளைப் பார்க்க வருகிற நர்ஸ் வெயிலுகந்தம்மாள் அப்போதுதான் வந்து சேர்ந்தாள். விலக்கிலேயே ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு நடந்து வந்திருந்தாள். மழையால் மூன்று வாரம் இந்தப் பக்கம் வர முடியவில்லை என்று சொல்லிக்கொண்டே கையைக் கழுவிவிட்டுப் பரமசிவனின் முதுகுத் துணியை விலக்கினாள்.

ஜீனா பார்த்திருக்க வேண்டாம். பார்த்துவிட்டாள். முதுகுத்தண்டின் அடியில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் இல்லை. ஓரம் கறுத்து, நடுவில் குழிந்து, உள்ளே மஞ்சளாக இருந்தது.

"யாரு இதத் தேய்ச்சது?"

"நாந்தான்க்கா. காலையில ஒருக்க, சாயந்தரம் ஒருக்க. ஸ்பிரிட் தொட்டு நல்லா வட்டமாத் தேய்ச்சிட்டுப் பவுடர் போடுதேன். பொறவு வளையத்து மேல படுக்க வைக்கேன்."

"எத்தன நாளா?"

"செவந்த அன்னையில இருந்துக்கா. இருவது நாளாவுது. தோலு உரிஞ்ச பொறவு சுத்தி மட்டும் தேய்க்கேன்."

"அடப் பாவி மவளே, செவந்த எடத்தத் தேய்க்கலாமா? உள்ள சதை நைஞ்சு போவும்லா? அவியளுக்கு வலியும் தெரியாது. அந்த வளையத்த வச்சா நடுவுல ரத்தமே ஓடாதுட்டி. நீ நர்சுக்குத்தான படிக்க?"

"புக்குல அப்படித்தான்க்கா போட்டிருக்கு. புது எடிசன்க்கா."

"எந்தப் புக்குல? நான் படிக்கையிலயே, பதினஞ்சு வருசத்துக்கு முன்னாலயே, தேய்க்காதன்னு சொல்லிட்டாவ. எடு, பாப்பம்."

இசக்கிச்செல்வி ஜீனாவைப் பார்த்தாள். சங்கரம்மாளும் பார்த்தாள். பை ஜீனாவின் மடியில் இருந்தது. அவள் இரண்டு கையாலும் பையைப் பிடித்திருந்தாள்.

"நீ சரியாப் படிச்சிருக்க மாட்டட்டி" என்றாள் ஜீனா. "வேற எதோ பக்கத்தப் பாத்திருப்ப."

அதைச் சொன்னது தான்தான் என்று அவளுக்கு நம்ப முடியவில்லை. அந்தப் பிள்ளை மறுத்துப் பேசவில்லை. பக்கத்தை நினைவுக்குக் கொண்டுவந்து பார்க்கிறாள் என்று முகத்தில் தெரிந்தது. பிறகு, "அப்படித்தான் இருக்கும் மேடம்" என்றாள்.

சங்கரம்மாள் எழுந்து வந்து மகள் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். "ஒழுங்காப் படிக்கதுக்குத்தானட்டி ஒன்னய அங்கன அனுப்புனேன்? நான் வேகாத வெயில்ல களையெடுத்தது இதுக்குத்தானா? பெத்த தகப்பனத் தேய்ச்சே கொல்லப் பாத்தியேட்டி!"

கட்டிலில் இருந்து பரமசிவன், "ஏ, பிள்ளைய அடிக்காத" என்றார். குரலில் காய்ச்சல் இருந்தது.

வெயிலுகந்தம்மாள் போன் போட்டு ஆம்புலன்சுக்குச் சொன்னாள். சகதியில் வண்டி ஊருக்குள் வராது என்பதால் நாலு பேர் கட்டிலோடு தூக்கிக்கொண்டு விலக்குக்குப் போனார்கள். ஜீனாவும் பின்னால் நடந்தாள். அவசரத்திலும் சங்கரம்மாள் தூக்குச்சட்டியில் கம்மஞ்சோற்றைப் போட்டு, "வெறும் வயித்தோட போவாதீங்க டீச்சர்" என்று கொடுத்துவிட்டிருந்தாள். திருப்பிக் கொடுக்க ஜீனாவுக்கு வாய் வரவில்லை. அதைக் கொண்டுபோய் வீட்டில் வைத்துவிட்டுத் திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் அது புளித்துப் பொங்கியது.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் நன்மை அப்பம் வாங்க வரிசையில் நின்றவள், பாதியில் விலகி வெளியே வந்துவிட்டாள். தலை சுற்றுகிறது என்று டேவிட்சனிடம் சொன்னாள். திங்கள்கிழமை, பிள்ளைகள் யாரும் வருவதற்கு முன்னால், கண்ணாடி அலமாரியைத் திறந்து தடித்த இங்கிலீஷ் புத்தகம் ஒன்றை எடுத்தாள். படுக்கைப் புண் என்ற தலைப்பைத் தேடிப் பிடித்தாள். சிவந்த இடத்தை அழுத்தித் தேய்க்கக் கூடாது. வளையம் வைக்கக் கூடாது. இரண்டும் அடுத்தடுத்த வரியில், கறுப்பு மசியில், கட்டம் கட்டிப் போட்டிருந்தது. அகராதி வைத்துப் படித்துக்கொள்கிறேன் என்று அந்தப் பிள்ளை சொல்லியிருந்தாள். அகராதிகூட வேண்டியிருக்காது. அவ்வளவு எளிய இங்கிலீஷ்.

பிறகு 147ஐத் திறந்தாள். இசக்கிச்செல்வி ஒன்றையும் தவறாகப் படிக்கவில்லை. 'சிவந்த இடங்களை ஸ்பிரிட் தொட்டு வட்டமாக நன்கு தேய்க்கவும்.' அதன் கீழே பென்சிலால் மெல்லிய கோடு. ஓரத்தில் நுணுக்கி நுணுக்கி எழுதின தேதிகள், ஒவ்வொன்றுக்கும் எதிரே கா, மா என்று. காலை, மாலை. இருபது நாள். ஒன்றுகூட விடவில்லை.

புதன்கிழமை வனிதா வந்து சொன்னாள். "மேடம், செல்வி படிப்ப நிறுத்தப் போறாளாம். சர்டிபிகேட் வாங்க வாரேன்னு சொன்னா. சாத்தூர்ப் பக்கம் பட்டாசு ஆபீசுக்கு வேலைக்குப் போறாளாம். 'ஒரு பக்கத்தச் சரியாப் படிக்கத் தெரியாதவ ஊசி போட்டா என்ன ஆவும்'னு கேக்கா. நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன்."

அன்று சாயங்காலம் பிள்ளைகளை எல்லாம் இறக்கிவிட்டு, காலி பஸ்ஸைக் கழுவிக்கொண்டிருந்த டேவிட்சனிடம் ஜீனா எல்லாவற்றையும் சொன்னாள். அவன் ரப்பர்க் குழாயைக் கீழே போட்டுவிட்டுக் கேட்டான். தண்ணீர் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"நீ பிளேடு வச்சுக் கீறுனத நானும் பாத்தேன்" என்றான். "சாப்பாட்டுக்குக் கூப்பிட வாரப்பம்லாம் கீறிக்கிட்டுதான் இருந்த. நானும் ஒண்ணும் கேக்கல."

"அந்தப் பிள்ளைகிட்டச் சொல்லணும்ங்க."

"சொன்னா அவ சும்மா இருப்பாளா? அவ அம்மை இருப்பாளா? தாளாளர் காதுக்குப் போவும். ஒனக்கு மட்டும் போவாதுட்டி, எனக்கும் சேத்துத்தான் போவும்."

"தெரியும்."

"சொல்லலைன்னா?"

"சொல்லலைன்னா அவ போயி மருந்து அடைப்பா. நான் இங்கன உக்காந்திருப்பேன்."

டேவிட்சன் குழாயை எடுத்து டயரில் ஒட்டின சகதியைப் பீய்ச்சினான். வெகுநேரம் ஒரே டயரைக் கழுவினான். "போயிட்டு வா" என்றான் கடைசியில். "நான் போகச் சொன்னேன்னும் வேண்டாம், போகாதன்னேன்னும் வேண்டாம்."

வியாழக்கிழமை விடுப்புப் போட்டுவிட்டுத் திருநெல்வேலி பெரியாஸ்பத்திரிக்குப் போனாள். இசக்கிச்செல்வி வார்டுக்கு வெளியே குழாயடியில் அய்யாவின் துணியை அலசிக்கொண்டிருந்தாள். ஜீனாவைக் கண்டதும் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"புண்ணை வெட்டிச் சுத்தம் பண்ணியிருக்காவ மேடம். காய்ச்சல் விட்டுருச்சு. ஆனா மூணு நாலு மாசம் ஆவுமாம்."

"செல்வி, நீ சரியாத்தான் படிச்ச."

அவளுக்கு விளங்கவில்லை. ஜீனா நின்றபடியே சொன்னாள். மினி லாரி, பிளேடு, ஒட்டின துண்டு, பதிவேட்டில் எழுதின வருடம். அந்தப் புத்தகம் அவள் பிறப்பதற்கு முன்னால் அச்சடித்தது என்று சொன்னாள். சொல்லச் சொல்லக் குரல் இறங்கிக்கொண்டே போனது.

இசக்கிச்செல்வி குழாயை மூடினாள். துணியைப் பிழிந்தாள். பிழிந்ததையே மறுபடியும் பிழிந்தாள்.

"அன்னைக்கு எங்க அம்மைக்கு முன்னால, நீ சரியாப் படிச்சிருக்க மாட்டன்னு சொன்னீங்கள்ளா மேடம்?"

"சொன்னேன்."

"புக்கு ஒங்க பையிலதான இருந்துச்சு?"

"ஆமா."

"ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"பயந்துட்டேன்ட்டி."

"எனக்கும்தான் மேடம் பயமா இருந்துச்சு" என்றாள் அவள். "அஞ்சு நாளா அய்யா முகத்த நிமிந்து பாக்கல. தண்ணி குடுக்கையில கூடச் சொவத்தப் பாத்துக்கிட்டே குடுத்தேன்." பிழிந்த துணியை உதறினாள். "டாக்டர்கிட்டக் கேட்டேன். தேய்க்காம இருந்தாலும் வந்திருக்கலாம்னாவ. வராமலும் இருந்திருக்கலாம்னாவ."

உள்ளே சங்கரம்மாளிடம் மகளே சொன்னாள். எழுத்துத் தெரியாத அந்தப் பொம்பளைக்கு அட்டையும் பதிப்பும் முழுசாக விளங்கியிருக்காது. ஆனால் விளங்க வேண்டியது விளங்கிவிட்டது. மகள் முதுகில் அடித்த கையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "ஒங்க வீட்டு ஆளு இப்படிக் கெடந்தா, அந்தப் பொஸ்தகத்தப் பாத்துச் செய்வீங்களா டீச்சர்?"

சங்கரம்மாள் கட்டில் பக்கம் கையைக் காட்டினாள்.

"எங்கிட்டச் சொல்லி என்ன? அவுககிட்டச் சொல்லுங்க. எம் மவ கையில தப்பில்லன்னு அவுக காதுல விழணும்."

பரமசிவன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அவர் முகம் தெரிய வேண்டுமென்றால் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் முட்டி போட வேண்டும். ஜீனா முட்டி போட்டாள். சொன்னாள்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தூங்கிவிட்டாரோ என்று அவள் நினைக்கும்போது பேசினார்.

"எம் மவ கை சுத்தம்னு எனக்குத் தெரியும் டீச்சர். அவ தேய்க்கது எனக்குத் தெரியாது, ஒணர்ச்சி கெடையாதுல்லா. ஆனா தேய்க்கையில கட்டில் லேசா ஆடும். அந்த ஆட்டத்துக்காவக் காலையில இருந்து காத்துக் கெடப்பேன். பிள்ள நமக்கு எதோ செய்யுதுன்னு." மூச்சு வாங்கினார். "இப்ப அதுவும் கூடாதுன்னுட்டாவ. அப்படித்தான?"

"ஆமா அண்ணாச்சி. கூடாது."

"சரி" என்றார்.

படியிறங்கும்போது இசக்கிச்செல்வி பின்னாலேயே வந்தாள். முகம் கழுவியிருந்தாள். ஜீனாவுக்கு அவள் ஏதாவது ஆறுதலாகச் சொல்லுவாள் என்று ஒரு நப்பாசை.

"எங்கிட்டச் சொன்னது காணாது மேடம். மத்தப் பிள்ளைவகிட்டச் சொல்லுங்க. எல்லாரும் அதத்தான் படிக்காளுவ."

"சொல்லுதேன். நீ திரும்ப வருவியா?"

"தெரியல. அங்கன வந்து எந்தப் புக்கப் படிக்க?" என்றாள். அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் ஜீனாவுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டாள். கேட்டுவிட்டுப் படியேறிப் போய்விட்டாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஆய்வுக்கு இன்னும் பத்து நாளைக்கு மேல் கிடந்தது. ஜீனா தாளாளர் அறைக்குப் போகவில்லை. போனால் உட்காரச் சொல்லித் தேநீர் கொடுப்பார். அந்தத் தேநீரைக் குடித்துவிட்டால் அப்புறம் பேச முடியாது. நேராக இரண்டாம் வருட வகுப்புக்குப் போனாள். பாடம் ஆரம்பிக்கக் கால் மணி நேரம் இருந்தது. நாற்பது பிள்ளைகள் வெள்ளை உடுப்பில் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள். உட்காரச் சொல்ல மறந்துவிட்டாள். அவர்கள் நின்றுகொண்டே கேட்டார்கள்.

இசக்கிச்செல்வி வீட்டில் நடந்ததைச் சொன்னாள். அது அவள் தப்பில்லை என்று சொன்னாள். பிளேடு வைத்தது யார் என்று சொன்னாள். தாளாளர் பெயரைச் சொல்லவில்லை. அதைச் சொல்லி அந்தப் பக்கம் கொஞ்சம் பாரத்தை நகர்த்திவிட ஆசையாகத்தான் இருந்தது. சொல்லி முடித்தாள். வெளியே மக்காச்சோளக் காட்டில் பன்றி விரட்டக் கட்டின தகரம் காற்றுக்குத் தட்டிக்கொண்டிருந்தது.

முன்வரிசையில் ஒரு பிள்ளை மேசை மேல் இருந்த தன் புத்தகத்தை எடுத்து அட்டையைப் பார்த்தது. இன்னொரு நாலைந்து பேரும் எடுத்துப் பார்த்தார்கள். யாரோ நகத்தால் துண்டைச் சுரண்டுகிற சத்தம் கேட்டது.

"மேடம்" என்றாள் வனிதா. "அந்தப் பக்கம் மட்டுந்தான் தப்பா? வேற எந்தெந்தப் பக்கம் மேடம்?"

ஜீனா யோசித்துப் பார்த்தாள். அறுநூறு புத்தகத்தையும் எடுத்து, துடைத்து, ஒட்டி, அடுக்கியவள் அவள். எது எந்தத் தட்டில் இருக்கிறது என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்வாள்.

"தெரியலட்டி" என்றாள்.

வனிதாவின் முகம் மாறியது. அவள் அக்காவுக்குக் குழந்தை பிறந்து எட்டு நாள்தான் ஆகியிருந்தது. போன வாரம் வகுப்பு முழுக்க மிட்டாய் கொடுத்திருந்தாள். கழுகுமலைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, குழந்தையின் தொப்புளுக்கு என்ன செய்ய வேண்டும் என்று தான் புத்தகத்தைப் பார்த்துச் சொல்லிக் கொடுத்ததைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போது பெஞ்சில் இடித்துக்கொண்டு வெளியே ஓடினாள். பைக்குள் கையை விட்டுப் போனைத் தேடியபடி வராண்டாவில் போய் நின்றாள்.

ஜன்னல் வழியாக அவள் குரல் கேட்டது. "யக்கா, நாந்தான். பிள்ளைக்குத் தொப்புள்ல பவுடர் போட்டியா? ... இன்னைக்குப் போட்டியா, போடலையா, அதச் சொல்லு மொதல்ல. ... போடாத. ஒண்ணும் போடாத. நர்சம்மா வந்தா கேட்டுட்டு அவிய சொல்லுத மாதிரிச் செய்யி. ... நாந்தான் சொன்னேன், இல்லங்கல. நாந்தான் சொன்னேன் யக்கா."